லாக்கரில் கிடந்த கடிதம்

கல்லூரி ஃபுட்பாலில் தெய்வமாகக் கும்பிடப்பட்ட அமெரிக்கப் பயிற்சியாளர்கள், தொழில்முறை அணிக்குப் போனதும் ஏன் சறுக்குகிறார்கள்? சறுக்காத சிலர் எதைக் கற்றுக்கொண்டு போனார்கள்?

2007 டிசம்பர். ஜார்ஜியா மாநிலத்தில் ஃபிளவரி பிராஞ்ச் என்ற சிற்றூர். அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் பயிற்சிக்கூடம் அங்கேதான் இருக்கிறது. வீரர்கள் வந்து லாக்கருக்கு எதிரே நின்றபோது ஆளுக்கொரு காகிதம் காத்திருந்தது. தலைமைப் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவின் கடிதம். கனத்த மனதோடு விலகுகிறேன், உங்கள் உழைப்புக்கு நன்றி என்ற அளவில் சில வரிகள். எல்லோருக்கும் ஒரே வாசகம்.

சீசன் முடிய இன்னும் மூன்று ஆட்டங்கள் பாக்கி. அதுவரை 3 வெற்றி, 10 தோல்வி. அணியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மைக்கேல் விக், நாய்ச்சண்டை வழக்கில் 23 மாதச் சிறைத்தண்டனை பெற்றது அதற்கு முந்தைய நாள். வீடு பற்றி எரிகிற நேரத்தில் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். விலகிய அன்று இரவே ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் புதிய கோச்சாக மேடையேறி, ‘ரேஸர்பேக்ஸ்’ என்று காட்டுப்பன்றியின் பெயர் கொண்ட அந்த அணியின் ரசிகர்கள் எழுப்பும் பன்றிக்கூவலை அவரும் சேர்ந்து எழுப்பினார்.

இந்தக் காட்சியை என்னால் மறக்க முடிவதில்லை. ஒருவர் வேலையை விடுவது குற்றமல்ல. ஆனால் ஐம்பது சொச்சம் வளர்ந்த ஆண்களை, அதில் பலர் குழந்தை குட்டிக்காரர்கள், முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தகுதியில்லாதவர்களாக ஒரு பயிற்சியாளர் நினைத்தது எப்படி? அந்தப் பழக்கம் அவருக்கு எங்கே ஒட்டியது? கல்லூரி கோச்சுகள் தொழில்முறையில் வெல்ல முடியுமா என்று அமெரிக்கா ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு விடை, என் பார்வையில், அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஃபுட்பால் என்பது நாம் காலால் உதைக்கும் பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, பக்கத்துக்குப் 11 பேராக மோதும் அமெரிக்க ஆட்டம். அதற்கு இரண்டு உலகங்கள். ஒன்று சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகங்கள் ஆடுவது. மற்றது ஞாயிற்றுக்கிழமைகளில் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் 32 அணிகள் ஆடுவது. ஆட்டம் ஒன்றுதான். ஆனால் சனிக்கிழமை ராஜாக்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய் அடிபட்டுத் திரும்பும் கதை மட்டும் ஓய்ந்தபாடில்லை.

1976-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போன லூ ஹோல்ட்ஸ், அணிக்கென்று ஒரு பாட்டே எழுதிக் கொடுத்தார். 3 வெற்றி, 10 தோல்வி. கடைசி ஆட்டத்துக்கு முன்பே விலகினார். அதே மனிதர் 1988-ல் நோத்ரதாம் பல்கலைக்கழகத்தை தேசிய சாம்பியனாக்கினார். ஓக்லஹோமாவில் தொடர்ந்து 47 ஆட்டங்கள் வென்று இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை வைத்திருக்கும் பட் வில்கின்சன், 1978-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குப் போய் இரண்டு சீசனைக்கூட முழுதாக முடிக்கவில்லை. டெம்பிள், பேய்லர் இரண்டு கல்லூரிகளையும் தூக்கி நிறுத்திய மேட் ரூலுக்கு கரோலைனா பாந்தர்ஸ் ஏழு வருட ஒப்பந்தம் கொடுத்தது. மூன்றாவது சீசனின் ஐந்தாவது ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பியது.

சோபாவில் உட்கார்ந்து சேர்த்த படை

கல்லூரி கோச் என்றால் யார் என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்குக் கிடையாது. அரசுப் பல்கலைக்கழகத்தின் கோச்சுக்குத்தான். அலபாமாவின் டஸ்கலூசா ஊரில், உயிரோடிருக்கும்போதே நிக் சேபனுக்குச் சிலை வைத்தார்கள். சிலைக்குப் பின்னால் நிற்கும் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம்.

கல்லூரி கோச்சின் உண்மையான வேலை பயிற்சித் திடலில் தொடங்குவதில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவனின் வீட்டுக் கூடத்தில், சோபாவில், அவன் அம்மாவுக்கு எதிரே தொடங்குகிறது. ஊர் ஊராகப் போய், நாட்டின் தலைசிறந்த பையன்களை ஸ்காலர்ஷிப் கொடுத்துத் தன் பல்கலைக்கழகத்துக்கு இழுத்து வர வேண்டும். 2025 வரை, ஒரு அணிக்கு 85 ஸ்காலர்ஷிப் என்பது பல்லாண்டுக் கணக்காக இருந்தது. பெரிய பெயர் கொண்ட கல்லூரி ஆண்டுதோறும் நல்ல பையன்களை அள்ளிக்கொள்ளும். சின்னக் கல்லூரிக்கு மிச்சம். அதனால் சீசனில் பாதி ஆட்டங்கள், விசில் ஊதும் முன்பே முடிவானவை. சீசனின் தொடக்கத்தில் பலவீனமான கல்லூரிக்குப் பணம் கொடுத்து வரவழைத்து, சொந்த மண்ணில் அடித்து அனுப்பும் வழக்கமும் உண்டு.

என்எஃப்எல் இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்ட வீடு. அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், கடைசி இடம் பிடித்த அணிக்குத்தான் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 2024-ல் அது அணிக்கு 25.54 கோடி டாலர். எவ்வளவு பணக்கார முதலாளியானாலும் அதைத் தாண்டி நட்சத்திரங்களைக் குவிக்க முடியாது. அணியில் 53 பேர். எதிரணியிலும் அதே தரத்தில் 53 பேர். சுலபமாக வெல்லும் ஆட்டம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

மைதானத்திலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. பந்தை வைத்துத் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் இரண்டு கோட்டு வரிசைகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி இடைவெளி. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். ஒரு பக்கம் அகலமாகத் திறந்து கிடக்கும் கல்லூரி மைதானத்துக்கென்று வகுத்த தந்திரங்கள் சில, தொழில்முறையில் வேலைக்காகாது. ஆனால் புத்திசாலிகள் இதையெல்லாம் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். இதனால் மட்டும் யாரும் தோற்றதில்லை.

தோற்றதற்குக் காரணம் அதிகாரத்தின் தன்மை. கல்லூரிப் பையன் கோச்சின் கையில் இருக்கிறான். ஆடவிட்டால் எதிர்காலம், உட்காரவைத்தால் இல்லை. 2021 வரை, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்பது விதி. கோச் மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இரவோடு இரவாக எங்கும் போகலாம். பெட்ரினோ லூயிவில் பல்கலைக்கழகத்திலிருந்து அட்லாண்டாவுக்கு வந்ததே, பத்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சில மாதங்களிலேயே. அங்கே விட்டுவந்த பையன்களுக்குப் பின்னால் ஓடிவந்து கேள்வி கேட்க வழியில்லை.

என்எஃப்எல் வீரனுக்கு வழக்கறிஞர் இருக்கிறார், ஏஜென்ட் இருக்கிறார், தொழிற்சங்கம் இருக்கிறது. 2011-ல் சங்கம் போட்ட ஒப்பந்தப்படி, கவசம் மாட்டி மோதிப் பழகுவது சீசனுக்கு 14 நாட்களுக்கு மேல் கூடாது. நட்சத்திர வீரரின் சம்பளம் கோச்சின் சம்பளத்தைவிடப் பல மடங்கு. அவர் முன்னால் கத்தினால், நீங்கள் சொல்வது எனக்கு எப்படி உதவும் என்று அமைதியாகத் திருப்பிக் கேட்பார். அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

மயாமியில் ஒரு தோள்பட்டை

இந்தப் பட்டியலில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் சேபன். காரணம், அவர் தொழில்முறைக்கு அந்நியர் அல்ல. 1990களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்தில் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்கிடம் நான்கு சீசன் தற்காப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பிறகு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2003 சீசனின் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2005-ல் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்குத் தலைமையேற்றபோது, இவரிடமா தோல்வி அண்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். முதல் சீசன் மோசமில்லை: கடைசி ஆறு ஆட்டங்களையும் வென்று 9-7.

2006-ன் தொடக்கத்தில் அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக் தேவைப்பட்டது. சந்தையில் இருவர். ஒருவர் ட்ரூ பிரீஸ். எறியும் கையின் தோள்பட்டை கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மற்றவர் டாண்டே கல்பெப்பர். முழங்கால் சிதைந்து தேறிக்கொண்டிருந்தவர். சேபனுக்கு பிரீஸ் மேல் ஆசை. ஆனால் அணியின் மருத்துவர்கள் தோள்பட்டையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்கள். டிராஃப்டின் இரண்டாம் சுற்று வாய்ப்பைக் கொடுத்து கல்பெப்பரை வாங்கியது மயாமி. அவர் அந்த சீசனில் ஆடியது நான்கே ஆட்டங்கள். பிரீஸ் நியூ ஆர்லியன்ஸ் போனார். என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் போலில் அந்த ஊருக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

மயாமி 6-10. அந்த டிசம்பரில், அலபாமா போகிறீர்களா என்று நிருபர்கள் துளைத்தார்கள். அலபாமாவின் கோச்சாக நான் போகப் போவதில்லை என்று கேமரா முன் சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 2007 ஜனவரி 3 அன்று அலபாமாவின் கோச் ஆனார். அந்த வாக்கியத்தை மயாமிக்காரர்கள் இன்றும் மன்னிக்கவில்லை.

பின்னாளில் சேபன் அந்தத் தோள்பட்டை விவகாரத்தைப் பற்றிப் பேசினார். இங்கே என் விதி என் கையில் இல்லை, கல்லூரியில் உழைத்தால் அதை நானே கட்டுப்படுத்தலாம் என்று அப்போதே முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். நேர்மையான ஒப்புதல். அலபாமாவில் அவர் வாங்கிய ஆறு தேசியப் பட்டங்களுக்குப் பின்னால் இருப்பதும் இதுதான். தோள்பட்டை கிழிந்த ஒருவனை நம்பி ஊழைப் பணயம் வைக்கும் நிலை அங்கே வராது. ஒருவன் விழுந்தால் அடுத்த வரிசையில் அதே தரத்தில் இன்னொருவன் நிற்பான், அவனையும் அவரே வீடு தேடிப் போய்க் கூட்டி வந்திருப்பார்.

15 வெற்றி, 17 தோல்வி என்பது கேவலமான கணக்கே அல்ல. இரண்டே சீசன். பொறுத்திருந்தால் வென்றிருப்பாரோ என்னவோ. அவர் பொறுத்திருக்கவில்லை. திரும்பிப் போக ஒரு அரண்மனை காத்திருந்தது. கல்லூரி கோச்சுகளின் தோல்விக் கதைகள் பலவற்றிலும் அப்படி ஒரு அரண்மனை தெரிகிறது.

பழைய பையன்களைத் தேடி

ஸ்டீவ் ஸ்பரியர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 1996-ல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 2002-ல் ஐந்து வருடத்துக்கு 2.5 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் வாஷிங்டன் அணி அவரை அழைத்தது. கோச்சுக்கு அந்தத் தொகை அன்றைக்குப் பேரதிசயம். வந்தவர் தன் பழைய ஃபுளோரிடா மாணவர்களைச் சுற்றிச் சேர்த்தார். 1996-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக் டேனி வர்ஃபல் அதில் முக்கியமானவர். ஜப்பானின் ஒசாகாவில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் 38-7 என்று வென்றபோது, பார்த்தீர்களா என்று வாஷிங்டன் குதூகலித்தது. கணக்கில் வரும் ஆட்டங்கள் தொடங்கியதும் கதை மாறியது. இரண்டு சீசனில் 12 வெற்றி, 20 தோல்வி. மீதிப் பணத்தையும் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனார். அந்த ஒன்றுக்காக அவரை மதிக்கிறேன்.

அதே ஃபுளோரிடாவின் அடுத்த தலைமுறை நாயகன் அர்பன் மேயர். கல்லூரியில் 187 வெற்றி, 32 தோல்வி. மூன்று தேசியப் பட்டங்கள். 2021-ல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அவரை அழைத்தது. முந்தைய சீசனில் 1-15 என்று தரைமட்டமாகி, டிராஃப்டின் முதல் வாய்ப்பைப் பெற்று, ட்ரெவர் லாரன்ஸ் என்ற அபூர்வ இளைஞனைத் தேர்ந்தெடுக்கக் காத்திருந்த அணி. மேயரும் பழைய பையனைத் தேடினார். 2012-க்குப் பிறகு என்எஃப்எல்லில் கணக்கில் வரும் ஓர் ஆட்டம்கூட ஆடாத டிம் டீபோவை, அவர் ஒருநாளும் ஆடியிராத இடத்தில் ஆடவைக்கக் கூட்டி வந்தார். சீசன் தொடங்கும் முன்பே அனுப்பவும் வேண்டியிருந்தது.

கல்லூரியில் மேயரின் மிக மோசமான சீசன் 8 வெற்றி, 5 தோல்வி. ஜாக்சன்வில்லில் முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. அதாவது தன் வாழ்நாளின் மிக மோசமான வருடத்தில் கண்ட தோல்வி மொத்தத்தையும் முதல் ஐந்தே ஆட்டங்களில் பார்த்துவிட்டார். இந்தக் கணக்கை நான் முதலில் போட்டுப் பார்த்தபோது அவர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. என்எஃப்எல்லில் நல்ல கோச்சும் வருடத்துக்கு ஐந்தாறு முறை தோற்பார். திங்கட்கிழமை காலையில் தோல்வியோடு எழுந்து, குற்றவாளியைத் தேடாமல், புதன்கிழமைப் பயிற்சிக்கு ஆட்களைத் தயார் செய்வது ஒரு தனித் தொழில். கல்லூரியில் அதைப் பழக அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை இரவு சின்சினாட்டியில் தோற்றபின், அணியோடு விமானம் ஏறாமல் ஒஹாயோவிலேயே தங்கிவிட்டார். மதுக்கூடத்தில் எடுத்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. 2-11 என்ற நிலையில், 13 ஆட்டங்களோடு, டிசம்பர் நடுவில் முதலாளி அவரை நீக்கினார்.

சிப் கெல்லியின் கதை இவர்களிடமிருந்து வேறு. அவர் தந்திரத்தோடு வந்தார். ஒரேகன் பல்கலைக்கழகத்தில் மூச்சு விட நேரம் கொடுக்காமல் அடுத்தடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் வேகம். வீரர்களின் தூக்கத்தைக்கூட அளக்கும் அறிவியல். 2013, 2014 இரண்டிலும் பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு 10-6. ஆக, கல்லூரித் தந்திரம் தொழில்முறையில் செல்லாது என்பது பொய். 2015-ல் ஆள் சேர்க்கும் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. அணியின் வரலாற்றிலேயே அதிக தூரம் ஓடிய லெஷான் மெக்காயை விற்றார். அதற்கு முந்தைய வருடமே டிஷான் ஜாக்சனை அனுப்பியிருந்தார். என் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் பொருந்துவார்கள் என்பது அவர் எண்ணம்போலும். சீசன் முடியும் முன்பே வேலை போனது. இரண்டு வருடம் கழித்து, அவர் விட்டுப்போன ஈகிள்ஸ் வேறொரு கோச்சின் கீழ் சூப்பர் போல் வென்றது.

அதிகாரம் கையில் இல்லாததால் தோற்றேன் என்றார் சேபன். அதிகாரம் முழுதாகக் கைக்கு வந்த வருடத்தில் தோற்றார் கெல்லி. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிட முடியாது.

1-15 என்ற வருடம்

கல்லூரி தேசியப் பட்டம், சூப்பர் போல் இரண்டையும் தலைமைப் பயிற்சியாளராக வென்றவர்கள் மூன்றே பேர்: ஜிம்மி ஜான்சன், பாரி ஸ்விட்சர், பீட் கேரல். ஸ்விட்சர் வென்றது ஜான்சன் கட்டிவைத்த அணியை வைத்து என்பதால் அவரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஜான்சனைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

1989 பிப்ரவரி. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியை ஜெர்ரி ஜோன்ஸ் வாங்குகிறார். 29 சீசன்களாக அணியை நடத்திய டாம் லாண்ட்ரியை நீக்கிவிட்டு, ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தன்னோடு ஆடிய பழைய தோழரான ஜான்சனைக் கூட்டி வருகிறார். ஜான்சன் அப்போது மயாமி பல்கலைக்கழகத்தின் கோச். 1987-ன் தேசிய சாம்பியன். லாண்ட்ரியை நீக்கும் முன்பே இருவரும் டல்லாஸ் மெக்சிகோ உணவகம் ஒன்றில் சாப்பிடும் புகைப்படம் பத்திரிகையில் வந்துவிட்டது. ஊரே கொதித்தது. இவ்வளவு வெறுப்போடு வரவேற்கப்பட்ட கோச் குறைவு.

முதல் சீசன்: 1 வெற்றி, 15 தோல்வி. மேயரின் கணக்கைவிட மோசம். ஆனால் அந்த வருடத்தின் நடுவே, அக்டோபர் 12 அன்று, அணியின் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் கொடுத்தார் ஜான்சன். பதிலுக்கு ஐந்து வீரர்களும், அவர்களோடு கட்டிப்போட்ட டிராஃப்ட் வாய்ப்புகளும் வந்தன. வீரர்களை வைத்துக்கொள்ளாவிட்டால் வாய்ப்புகள் டல்லாஸுக்கு. மின்னசோட்டா வீரர்களைப் பார்த்தது. ஜான்சன் வாய்ப்புகளைப் பார்த்தார்.

கல்லூரி கோச்சுக்கு என்எஃப்எல்லில் ஏதாவது ஒரு கூடுதல் பலம் உண்டென்றால் அது இதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாட்டின் இளம் வீரர்களை, பதினேழு வயதிலிருந்து, வீட்டு வாசல்வரை போய்ப் பார்த்தவர் அவர். வேறு அணிகளின் ஆட்கள் கல்லூரி ஆட்டங்களின் படச்சுருளைப் பார்த்து எடை போட்ட பையன்களை, அவர் எதிரணியில் நின்று பார்த்திருந்தார். சிலரை வளர்த்தும் இருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜான்சனும் பழைய பையன் ஒருவரைக் கூட்டி வந்தார். மயாமியில் தன்னிடம் ஆடிய குவார்ட்டர்பேக் ஸ்டீவ் வால்ஷை, துணை டிராஃப்டில் ஒரு முதல் சுற்று வாய்ப்பைச் செலவழித்து எடுத்தார். ஏற்கெனவே அந்த வருட டிராஃப்டின் முதல் ஆளாக ட்ராய் எய்க்மனை எடுத்திருந்தும்! அந்த சீசனின் ஒரே வெற்றி வாஷிங்டனுக்கு எதிராக, வால்ஷ் ஆடிய ஆட்டத்தில் கிடைத்தது. எய்க்மன் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோல்வி. பாசம், கணக்கு இரண்டும் வால்ஷ் பக்கம். ஆனால் அடுத்த வருடமே ஜான்சன் வால்ஷை நியூ ஆர்லியன்ஸுக்கு விற்று, டிராஃப்ட் வாய்ப்புகளாக மாற்றிக்கொண்டார். எய்க்மனை வைத்துக்கொண்டார். ஸ்பரியராலும் மேயராலும் முடியாதது இது: தன் பையன் என்ற கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே இருப்பவனைப் பார்ப்பது.

7-9, 11-5, 13-3 என்று ஏறியது கணக்கு. 1993 ஜனவரியில் பஃபலோவை 52-17 என்று நொறுக்கி சூப்பர் போல். அடுத்த வருடம் மீண்டும் பஃபலோ, 30-13. அதன்பின் முதலாளியோடு மனக்கசப்பு, 1994 மார்ச்சில் விலகல். அதே வருடம் சம்பள உச்சவரம்பு வந்தது. வாக்கர் வியாபாரம்போல இன்னொன்றைச் செய்யவும், சேர்த்த படையைக் கலையாமல் வைத்திருக்கவும் அதன்பின் எவருக்கும் எளிதாக இல்லை.

1-15 வந்த பிறகும் முதலாளி ஜான்சன் பக்கம் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். பில் வால்ஷுக்கும் அப்படியே. 1979-ல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன அவருக்கு முதல் வருடம் 2-14. இரண்டாம் வருடம் தொடர் தோல்விகளின் நடுவே, விமானத்தில் கண்ணீர் விட்டு வேலையை விட்டுவிட நினைத்ததைப் பின்னாளில் சொன்னார். மூன்றாம் வருடம் சூப்பர் போல். மொத்தம் மூன்று கோப்பைகள். இன்றைக்கும் பாதி என்எஃப்எல் ஆடுவது பந்தை வீசி ஆட அவர் வகுத்த முறையின் பேரன்களைத்தான். கல்லூரி கோச்சை அழைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே உடைந்த அணி. உடைந்ததை ஒட்டவைக்க மூன்று வருடம் ஆகும். இன்றைய முதலாளிகள் பலருக்கு 13 ஆட்டங்களுக்கு மேல் பொறுமை இல்லை.

இரண்டு முறை துரத்தப்பட்டவர்

பீட் கேரல் கல்லூரிக்கு வந்தது தொழில்முறையில் தோற்ற பிறகு. 1994-ல் ஜெட்ஸ் ஒரே வருடத்தில் அனுப்பியது. 1999 முடிவில் நியூ இங்கிலாந்தும் அனுப்பியது. மனிதர் எப்போதும் உற்சாகமாகத் துள்ளுகிறார், இது பள்ளிக்கூடத்துக்குச் சரி, பெரிய ஆட்களுக்குச் சரிப்படாது என்றார்கள். வேலை இல்லாத நாட்களில், கல்லூரி கூடைப்பந்தின் பெரும் ஆசான் ஜான் வுட்டனின் எழுத்தைப் படித்ததும், தனக்கென்று ஒரு கொள்கையே இல்லாமல் இத்தனை வருடம் கோச்சாக இருந்ததை உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒன்பது வருடம். 2010-ல் சியாட்டில் சீஹாக்ஸ்.

சியாட்டிலில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கடைசி வார்த்தை அவருடையது. அதே அதிகாரம் கெல்லிக்கும் கிடைத்ததைப் பார்த்தோம். வித்தியாசம் என்ன? கெல்லி திட்டத்துக்கு ஆள் தேடினார். கேரல் ஆளைப் பார்த்து, இவனால் மட்டும் முடிகிறது எது என்று தேடினார். எதிரணியின் வீச்சைத் தடுக்கும் கார்னர்பேக் என்றால் குள்ளமாக, சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்த காலத்தில், நெடுநெடுவென்ற ரிச்சர்ட் ஷெர்மனை ஐந்தாவது சுற்றில் எடுத்தார். குவார்ட்டர்பேக் உயரமாக இருக்க வேண்டும் என்று நினைத்த காலத்தில் குட்டையான ரஸ்ஸல் வில்சனை மூன்றாவது சுற்றில் எடுத்தார், பணம் கொட்டி வாங்கிய இன்னொருவரை ஓரங்கட்டி அவரையே முதல் வருடத்தில் ஆடவும் வைத்தார். அதே துள்ளல், அதே சத்தமான பாட்டு, அதே மனிதர். 2014 பிப்ரவரி 2 அன்று டென்வரை 43-8 என்று வென்றார்கள். சியாட்டிலுக்கு அதுவே முதல் சூப்பர் போல் கோப்பை.

அடுத்த வருடம் மீண்டும் இறுதி ஆட்டம். வெற்றிக்கு ஒரு கெஜம் பாக்கி, சில நொடிகள் மிச்சம். ஓடித் தள்ள மார்ஷான் லிஞ்ச் இருக்கும்போது பந்தை வீசச் சொன்னார்கள். நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். எல்லாம் போச்சு. ஆட்டம் முடிந்த கையோடு, இது என் முடிவு, என் தவறு என்று கேரல் எல்லோர் முன்னாலும் ஏற்றுக்கொண்டார். அவருடைய சில வீரர்களுக்கு அந்தக் காயம் ஆறவே இல்லை; அணிக்குள் கசப்பு வருடக்கணக்கில் ஓடியது. ஆனாலும் மொத்தம் 14 சீசன் அவர் அங்கேயே இருந்தார். ஃபிளவரி பிராஞ்ச் லாக்கர்களையும் அந்த இரவையும் நான் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதுண்டு.

கேரல் கதையில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. சதர்ன் கலிஃபோர்னியாவில் அவருடைய நட்சத்திரம் ரெஜி புஷ், வெளியாட்களிடம் பணமும் சலுகையும் வாங்கினார் என்று 2010-ல் தண்டனை வந்தது. பல்கலைக்கழகத்தின் 2004 பட்டம் பறிக்கப்பட்டது. புஷ் தன் ஹைஸ்மன் விருதைத் துறந்தார். கேரல் அதற்குள் சியாட்டில் போயிருந்தார், கோடிகளில் சம்பளத்தோடு. பையனால் ஸ்டேடியம் நிறைந்தது, தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. அவன் ஒரு டாலர் வாங்கினால் குற்றம். 2024 ஏப்ரலில்தான் விருதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 14 வருடம்! கல்லூரி கோச்சின் ராஜாங்கம் எதன் மேல் நின்றது என்று கேட்டால், இந்த அநீதியின் மேல்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

சுவர் இடிகிறது

அந்த ராஜாங்கம் இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். அதே வருடம், ஒரு வருடம் உட்காரும் விதியும் தளர்ந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். சம்பள வரம்பு, ஏஜென்ட், வருடாவருடம் அணி மாறும் வீரர்கள்: என்எஃப்எல்லின் வாசனை சனிக்கிழமைக்கும் வந்துவிட்டது. ஸ்டான்ஃபர்ட் 2024-ல் தன் பழைய மாணவரும் முன்னாள் என்எஃப்எல் குவார்ட்டர்பேக்குமான ஆண்ட்ரூ லக்கை ஜெனரல் மேனேஜராக அமர்த்தியது. கல்லூரிக்கு ஜெனரல் மேனேஜர் எதற்கு என்று பத்து வருடம் முன்பு எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

அப்படியானால் தொழில்முறை கோச் இனி கல்லூரிக்கு வந்து சுலபமாக ஜெயிக்கலாமே என்று தோன்றும். தலைமைப் பயிற்சியாளராக ஆறு சூப்பர் போல் வென்ற பில் பெலிசிக், வட கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2025 செப்டம்பர் 1 அன்று முதல் ஆட்டம், டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திடம் 48-14 என்று தோல்வி. முதல் சீசன் முடிவில் 4-8. எதிர்த்திசைப் பாதையிலும் முள் இருக்கிறது.

இந்த வாசலில் போகவும் வரவும் தெரிந்த ஒருவர் ஜிம் ஹார்பா. 14 சீசன் என்எஃப்எல்லில் குவார்ட்டர்பேக்காக அடிவாங்கியவர். ஸ்டான்ஃபர்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய் நான்கு சீசனில் 44 வெற்றி, 19 தோல்வி, ஒரு டிரா. ஒரு சூப்பர் போலில் சொந்த அண்ணன் ஜானிடம் 34-31 என்று தோற்றவர். பிறகு தான் படித்த மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2023 சீசனில் விதிமீறல் புகார்களால் இரண்டு தவணையாக ஆறு ஆட்டங்கள் மைதானத்துக்கு வராமல் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கறையை மறைத்து அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் வீரனின் வலி எப்படியிருக்கும் என்று உடம்பால் அறிந்தவர். 2024-ல் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸை ஏற்றபோது முந்தைய சீசனின் 5-12, ஒரே வருடத்தில் 11-6 ஆனது.

சார்ஜர்ஸை ஏற்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 2024 ஜனவரி 1 அன்று, பாசடீனாவின் ரோஸ் போல் ஸ்டேடியத்தில் அவரும் சேபனும் எதிரெதிரே நின்றார்கள். கூடுதல் நேரத்தில் மிச்சிகன் 27-20 என்று வென்றது. ஜனவரி 8 அன்று ஹார்பா தேசியப் பட்டம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து, 72 வயதில், சேபன் ஓய்வு அறிவித்தார். இன்னும் இரண்டு வாரத்தில் ஹார்பா மீண்டும் என்எஃப்எல் புறப்பட்டார்.

ஏன் ஓய்வு என்பதற்கு சேபன் பின்னால் ஒரு காரணம் சொன்னார். அந்த சீசனுக்குப் பின் தன்னிடம் பேசவந்த வீரர்களில் பெரும்பாலானோர் இரண்டே விஷயங்களைத்தான் கேட்டார்களாம்: என்னைக் கட்டாயம் ஆடவைப்பீர்களா, எவ்வளவு கொடுப்பீர்கள்? கல்லூரிப் பையன்கள் கேட்ட அந்தக் கேள்வி அவரை வருத்தியது. 2005-ல் மயாமி லாக்கர் அறைக்குள் நுழைந்த முதல் நாளே, அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி இருந்தது.